கைப்பேசியும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



‘கல்வியும் முன்னேற்றமும்’ என்னும் பொருளில் பேச வேண்டுமென்று விழாக் குழுவினர் என்னைக் கேட்டிருந்தார்கள். அப்பொருளில் நான் இதே மேடையில் ஏழெட்டு முறை பேசியிருக்கிறேன். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் சிலர் என் பேச்சை மனப்பாடமாகவே ஒப்பிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எனவே செயலாளர் அவர்களிடம் இசைவு பெற்று இன்று பொருளை மாற்றிக்கொண்டேன். நான் வரலாறு படித்த பி.ஏ. பட்டதாரி, சுண்ணக்கட்டியோடு முப்பது ஆண்டுகளாக உறவாடுபவன். கணிப்பொறி கற்றவன் அல்லேன். ஆயினும் இன்று ஒரு கணிப்பொறி ஆய்வாளரைப் பற்றியும் அவரைப் போன்ற வேறு சிலரைப் பற்றியும் பேசத் துணிந்திருக்கிறேன். அதற்குக் காரணம் என் அறிவன்று. நான் செய்த ஒரு பிழை.

சுவாமி சகஜானந்தர் 1910இல் சிதம்பரத்துக்கு வந்தார். 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் கதவு அடைபட்டிருந்த காலம் அது. காட்டுமன்னார்கோயில் பகுதி தந்த பெருந்தலைவர் எல். இளையபெருமாள் தலைமையிலான குழு 1965இல் அமைக்கப்பட்டு 1969இல் அறிக்கை அளித்தபோது, திறந்த கதவுக்கு உள்ளேயும் நம் பிள்ளைகள் எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள் என்பதை நாடு அறிந்தது. இவையெல்லாம் நீங்கள் அறிந்த வரலாறு, விரிக்கவில்லை. கதவு திறந்த பின்னும் உள்ளே இருப்பவர் எப்படி நடத்தப்படுகிறார் என்று கேட்கும் வழக்கத்தை நமக்குக் கற்பித்தவர்கள் அவர்கள். அந்தக் கேள்வியைத்தான் இன்று கைப்பேசியைப் பார்த்து நான் கேட்கப்போகிறேன்.

கொரோனாத் தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைப்பேசி வழியே வரும் என்றார்கள். நம் காலனிகளில் அதுவரை பொத்தான் கைப்பேசி மட்டுமே இருந்த வீடுகள் பல. காதில் கிடந்த கம்மலை அடகு வைத்துத் தொடுதிரைக் கைப்பேசி வாங்கிய தாய்மார்களை நான் அறிவேன். அவர்களுள் சிலர் இவ்வரங்கிலும் இருக்கிறார்கள். நடவுக்கூலி மிச்சம்பிடித்து மாதந்தோறும் ‘ரீசார்ஜ்’ செய்தார்கள். ஒரு தலைமுறை முழுவதும், பயிற்சி தருவார் எவருமின்றி, பெருங்கடலில் இறக்கிவிடப்பட்டது. தேவனாம்பட்டினத்துப் பிள்ளைக்கு அப்பன் நீந்தக் கற்றுக்கொடுத்த பிறகே கட்டுமரம் கொடுப்பான். இங்கோ கட்டுமரத்தைக் கொடுத்துவிட்டு நாம் கரையில் நின்றோம். நமக்கே நீந்தத் தெரியாது என்பதுதான் உண்மை.

2021 செப்டம்பர் முதல் நாள் ஒன்பதாம் வகுப்பு முதல் மேல்வகுப்புகள் மீண்டும் திறந்தன. அந்தக் கல்வியாண்டில்தான் நான் சொன்ன பிழை நேர்ந்தது. அப்போது நான் பணியாற்றிய பள்ளியில் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். தகப்பனார் சென்னையில் கொத்தனார் வேலை, தாயார் கூலி. வீட்டில் ஒரே கைப்பேசி. நன்றாகப் படிக்கும் பெண். கணக்கில் தொண்ணூறுக்குக் குறைந்ததில்லை. வகுப்புக்கென அமைந்த வாட்ஸ்அப் குழுவில் அவள் வைத்திருந்த படத்தை எடுத்து, வேறொரு சமூகத்துப் பையனின் படத்தோடு ஒட்டி, கீழே இழிந்த சொற்களும் சேர்த்து, ஒரு மாணவன் பரப்பிவிட்டான். இரண்டு நாளில் அது மூன்று ஊர்களைச் சுற்றிவந்தது. அந்தப் பெண் எவரிடமும் வாய்திறக்கவில்லை. ஓர் ஆசிரியை வந்து சொன்ன பிறகே எனக்குத் தெரியும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளுடைய தகப்பனாரை அழைத்தேன். ‘பெண்பிள்ளை கையில் கைப்பேசி இருப்பதால்தான் இந்தத் தொல்லை, வாங்கி வைத்துவிடுங்கள்’ என்று அறிவுரை சொன்னேன். அந்தப் பையனையும் அழைத்துக் கண்டித்து, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக் கோப்பில் வைத்தேன். கடமையைச் செவ்வனே செய்துவிட்டதாக எண்ணி அன்று நிம்மதியாக உறங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். தகப்பனார் கைப்பேசியை மட்டும் நிறுத்தவில்லை, பெண்ணையும் நிறுத்திவிட்டார். நான் இருமுறை வீட்டுக்குச் சென்றேன். ‘சார், நீங்களே சொன்னீங்களே’ என்று அந்தத் தாய் கேட்டபோது என்னால் மறுமொழி கூற இயலவில்லை. 2022 மே மாதத்துப் பொதுத்தேர்வை அவள் எழுதவில்லை.

சென்ற ஆண்டு பண்ருட்டிப் பேருந்து நிலையத்தில் அவளைக் கண்டேன். இடுப்பில் குழந்தை. என்னைப் பார்த்ததும் ஒதுங்கிப் போகாமல் வந்து வணங்கினாள். நலம் கேட்டுவிட்டுச் சற்று நேரம் நின்றவள், ‘சார், படம் பண்ணின பையன் பாலிடெக்னிக் முடிச்சிட்டான். நான் பத்தாவது முடிக்கலை’ என்றாள். குற்றம் சாட்டும் தொனியில் அவள் அதைச் சொல்லவில்லை. ஒரு கணக்கின் விடையைச் சொல்வதுபோல் சொன்னாள்.

அன்றிலிருந்துதான் இத்துறையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ஐதராபாத்தில் மென்பொருள் துறையில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், ‘சார், நம்ம தமிழ்ப் பேராசிரியர் ஒருவரின் பாடம் இணையத்திலேயே இலவசமாக இருக்கிறது, பாருங்கள்’ என்று வழிகாட்டினார். அவரைத்தான் முதலில் உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்.

அவர் பெயர் பொன்னுரங்கம் குமரகுரு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2009இல் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னர் தாயகம் திரும்பித் தில்லியில் உள்ள இந்திரப்பிரஸ்தா தகவல் தொழில்நுட்ப நிறுவனத்திலும், அதன்பின் ஐதராபாத்துப் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பேராசிரியரானார். சமூக ஊடகங்களில் அந்தரங்கமும் பாதுகாப்பும் என்பது பற்றி என்.பி.டி.இ.எல். என்னும் அரசு ஆதரவுத் திட்டத்தின் வழியாகப் பாடம் நடத்தியிருக்கிறார். ஐம்பது வயதைக் கடந்த நான் இரவு ஒன்பது மணிக்குமேல் குறிப்பேட்டோடு அமர்ந்து அதைக் கேட்டேன். பாதி புரிந்தது. புரிந்த பாதியே எனக்குப் போதுமானதாயிற்று.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, தூண்டில் மடல்களைப் பற்றியது. வங்கியிலிருந்து வருவதுபோல், அலுவலகத்திலிருந்து வருவதுபோல் பொய்யாக ஒரு மடல் வரும். அதில் உள்ள இணைப்பைத் தொட்டால் நம் இரகசிய எண்களைப் பறித்துக்கொள்வார்கள். இதனைத் தடுக்கக் கருத்தரங்கு நடத்தலாம், துண்டறிக்கை கொடுக்கலாம். ஆனால் துண்டறிக்கையை எவர் படிக்கிறார்? நம் பள்ளி அறிவிப்புப் பலகையை எத்தனை பேர் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? குமரகுரு வேறொரு வழி கண்டார். ஆய்வாளர்களே கெடுதலில்லாத ஒரு பொய் மடலை அனுப்புவார்கள். அதில் ஏமாந்து ஒருவர் இணைப்பைத் தொட்டவுடன், பணம் போகாது. திரையில் ஒரு சிறு சித்திரக் கதை தோன்றும். ‘நீங்கள் இப்போது ஏமாந்தீர்கள், எதனால் ஏமாந்தீர்கள் தெரியுமா’ என்று அது சொல்லிக்கொடுக்கும். விழுந்த அந்தக் கணத்திலேயே, விழுந்த அந்த இடத்திலேயே பாடம். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 515 பேரிடம் இதனைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். இருபத்தெட்டு நாள் கழித்தும் பயிற்சி பெற்றவர்கள் அப்பாடத்தை மறக்கவில்லை என்று கண்டார்கள்.

இளைஞர்களே, அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. உங்கள் பொருட்டே அதைக் குறித்து வைத்திருக்கிறேன். பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையுள்ளவர்களே மூத்தவர்களைக் காட்டிலும் தொடர்ந்து அதிகமாக ஏமாந்தார்கள். ‘பெரிசுக்கு ஒன்றும் தெரியாது, எங்களுக்கு எல்லாம் தெரியும்’ என்று நீங்கள் எங்களைக் கேலி செய்வது உண்டல்லவா? கைப்பேசியை விரைவாக இயக்கத் தெரிவது வேறு. அதில் வரும் பொய்யை இனங்காணத் தெரிவது வேறு.

நம் பிள்ளைகளை நோக்கி வரும் தூண்டிலில் எந்தப் புழுவைக் கோத்திருப்பார்கள்? கல்வி உதவித்தொகை! ‘உங்கள் மகனுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, கைப்பேசிக்கு வரும் எண்ணைச் சொல்லுங்கள்’ என்று தாயாரை அழைக்கிறார்கள். அரசு உதவித்தொகைக்காக உண்மையிலேயே காத்திருக்கும் குடும்பம் அது. மாதக்கணக்கில் தாமதமாகி ஏங்கியிருக்கும் குடும்பம். ஏக்கம் இருக்கும் இடத்தில்தான் தூண்டில் பலிக்கும். என் பள்ளியிலேயே இரண்டு தாய்மார்கள் சேமிப்பை இழந்தார்கள். அதன்பின் நானும் குமரகுருவின் வழியைச் சிறிது பின்பற்றினேன். எங்கள் கணித ஆசிரியரைப் பெற்றோர் கூட்டத்தன்று பக்கத்து அறையிலிருந்து ‘உதவித்தொகை அலுவலர்’ போலச் சில பெற்றோரை அழைத்துப் பேசச் சொன்னேன். பதின்மரில் எழுவர் எண்ணைச் சொல்லிவிட்டார்கள். உடனே அவர் கதவைத் திறந்துகொண்டு நேரில் வந்து நின்றார்! சிரிப்பும் வெட்கமும் அடங்கிய பின் அவர்கள் கேட்ட கேள்விகள், நான் பத்தாண்டுகளாக ஒலிபெருக்கியில் சொன்ன எச்சரிக்கைகளால் எழாதவை.

2017ஆம் ஆண்டில் ‘நீலத்திமிங்கலம்’ என்றொரு விளையாட்டைப் பற்றி நாடெங்கும் அச்சம் பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். கணிப்பொறியில் ஒருவன் ஐம்பது கட்டளை இடுவான், கடைசிக் கட்டளை உயிரை மாய்த்துக்கொள்வது என்றார்கள். மதுரைப் பக்கம் ஒரு மாணவர் இறந்தபோது உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே தானாக முன்வந்து விசாரித்தது. நானும் இறைவணக்கக் கூட்டத்தில் இருபது நிமிடம் அதைப் பற்றி எச்சரித்தேன். கூட்டம் முடிந்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் ஓடி வந்து, ‘சார், அது எங்க கிடைக்கும்?’ என்று கேட்டான். அதுவரை அவன் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. பின்னர் மத்திய அரசின் குழு ஆராய்ந்தபோது, அவ்விளையாட்டால்தான் இறப்பு நேர்ந்தது என்று எந்த நிகழ்விலும் நிறுவ இயலவில்லை. குமரகுருவும் அவருடைய மாணவர்களும் இதுபற்றிச் சமூக ஊடகப் பதிவுகளைத் திரட்டி 2018இல் ஓர் ஆய்வு எழுதினார்கள். அந்த விளையாட்டை நடத்துவோரைத் தேடித் தங்கள் கைப்பேசி எண்ணைக்கூட வெளிப்படையாக எழுதிவைத்த இளையோர் இருந்ததை அதில் காட்டுகிறார்கள். துயரத்தில் இருக்கும் பிள்ளை எவரேனும் அழைக்கமாட்டார்களா என்று ஏங்குகிறது. அந்த ஏக்கம்தான் ஆபத்து; திமிங்கலம் அதற்கு வாய்த்த பெயர், அவ்வளவே.

தற்படம் எடுக்கும்போது நேரும் இறப்புகளைப் பற்றியும் 2016இல் அவர் குழுவினர் கணக்கெடுத்தார்கள். 2014 மார்ச் முதல் அவர்கள் திரட்டிய 127 இறப்புகளில் 76 இந்தியாவில் நேர்ந்தவை. ரயில் தண்டவாளத்தில் நண்பனோடு நின்று படம் எடுத்தால் நட்பு என்றும் பிரியாது என்னும் நம்பிக்கையும் நம் நாட்டில் அதற்கு ஒரு காரணமாம். சிதம்பரம் போகும் தண்டவாளத்தில் மாலை வேளைகளில் நிற்கும் தம்பிமார்களுக்கு இதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இனி, என் பிழைக்கு விடை எங்கே கிடைத்தது என்று சொல்கிறேன். நித்யா சாம்பசிவன் என்னும் பெண் ஆய்வாளர், கூகுள் நிறுவனத்தில் பணியாற்றியபோது, வேறு பல ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளிலும் ஏறத்தாழ இருநூறு பெண்களைக் கண்டு பேசினார். 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் அவ்வாய்வுகள் வெளிவந்தன. கைப்பேசி என்பது ஒருவருக்கே உரிய பொருள் என்று எண்ணித்தான் மேலைநாட்டார் அதை வடிவமைத்தார்கள். நம் வீடுகளில் அது சோற்றுப்பானை போல எல்லோருக்கும் பொது. அண்ணன் எடுப்பான், தம்பி விளையாடுவான், அத்தை பேசுவாள். பெண்பிள்ளையின் கைப்பேசியை எவரும் எடுத்துப் பார்க்கலாம் என்பது வீட்டில் எழுதப்படாத சட்டம். அந்தரங்கம் என்பதெல்லாம் பணக்காரப் பெண்களுக்குரியது, எங்களுக்கு ஏது என்னும் பொருளில் ஒரு பெண் கூறியதையே 2018ஆம் ஆண்டுக் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார்கள். ஆனாலும் அப்பெண்கள் சும்மா இருக்கவில்லை. கைப்பேசிக்குப் பூட்டு, குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் தனிப்பூட்டு, ஒரு செய்தியை மட்டும் அழிப்பது அல்லது எல்லாவற்றையும் ஒருசேரத் துடைப்பது, தடம் பதியாத முறையில் பார்ப்பது, சிலவற்றைத் தொடாமலே தவிர்ப்பது என்று தங்களுக்கேற்ற வழிகளைத் தாங்களே வகுத்துக்கொண்டிருந்தார்கள். ஓரறை வீட்டில் புடவையைத் திரையாகக் கட்டிக்கொண்டு படித்த நம் அக்காமார்களை எனக்கு அது நினைவூட்டியது.

2019ஆம் ஆண்டு ஆய்வு இணையத் தொல்லைகளைப் பற்றியது. பின்தொடர்ந்து தொல்லை தருவது, ஒருவர் பெயரில் இன்னொருவர் கணக்குத் தொடங்குவது, அந்தரங்கப் படங்களையும் செய்திகளையும் கசியவிடுவது என்னும் மூன்றையும் அப்பெண்கள் கூறினார்கள். தொல்லைக்கு ஆளானவர்கள் பெரிதும் அஞ்சியது தங்கள் நற்பெயருக்கு வரும் கேட்டை. அதனால் காவல் நிலையத்துக்கோ நிறுவனத்துக்கோ போவதைவிட, நம்பிக்கையான உறவினரையும் நண்பரையுமே நாடினார்கள். அந்த வரிகளைப் படித்தபோது என் பள்ளி அறையும், அங்கே வாய்திறவாமல் நின்ற அந்தப் பெண்ணும் என் கண்முன் வந்தார்கள். அவள் நம்பி வரக்கூடிய மனிதனாக நான் இருந்திருக்க வேண்டும். நானோ அவளைத் தண்டித்தேன். படத்தைச் செய்தவனிடம் கடிதம் வாங்கினேன். படமாக்கப்பட்டவளிடமிருந்து கைப்பேசியைப் பறித்தேன். ஊர்ப் பொதுவில் வழக்கு வந்தால் அடிபட்டவனையே ஊரைவிட்டு ஒதுங்கியிருக்கச் சொல்லும் தீர்ப்பை நம் முன்னோர் எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள்! அதே தீர்ப்பை ஒரு நூறடி நீளப் பள்ளி வராந்தாவில் நான் வழங்கினேன்.

அமெரிக்காவிலும் இதுதான் நிலை என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? பமீலா விஸ்னீவ்ஸ்கி என்னும் கணினி அறிவியல் ஆய்வாளர், பதின்வயதினரின் இணையப் பாதுகாப்பைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். பிள்ளைகளைக் காப்பதற்கென்று விற்கப்படும் 75 செயலிகளை அவர் குழுவினர் 2017இல் பிரித்து ஆராய்ந்தனர். அவற்றின் கூறுகளில் 89 விழுக்காடு, பெற்றோர் பிள்ளையை வேவு பார்க்கவும் தடுக்கவுமே பயன்பட்டன. பிள்ளை தன்னைத் தானே காத்துக்கொள்ளக் கற்றுத்தரும் கூறுகள் மிகச் சிலவே. 68 பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் இரண்டு மாதம் தனித்தனியே குறிப்பெழுத வைத்தபோது, பிள்ளைகள் எழுதிய இடர்கள் பல பெற்றோருக்குத் தெரியவே தெரியாது என்று கண்டனர். சொன்னால் கைப்பேசி போகும் என்று தெரிந்த பிள்ளை ஏன் சொல்லும்? அவருடன் பணியாற்றிய கார்லா பாடியோ உர்கியோலா, பெற்றோரைப் பிரிந்து வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் பிள்ளைகளின் நிலையை அறிய 29 வளர்ப்புப் பெற்றோரைக் கண்டு 2019இல் எழுதினார். ஏற்கெனவே நொந்த பிள்ளை, இடர் மிகுதி. ஆகவே தடுக்கவும் வேண்டும். மற்றப் பிள்ளைகளைப் போல இயல்பாக வாழவிடவும் வேண்டும். அந்த இழுபறியை நம் விடுதிக் காப்பாளர்கள் நன்கு அறிவார்கள்.

ஆனால் அந்த அறிஞர்கள் அறியாத ஒரு நஞ்சு நம் கைப்பேசியில் உண்டு. அது சாதி. தமிழகத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய தலித் குடும்பத்தில் பிறந்த தேன்மொழி சௌந்தரராசன் அவர்கள் தலைமையில் இயங்கும் ‘ஈக்குவாலிட்டி லேப்ஸ்’ என்னும் அமைப்பு, 2019இல் முகநூலில் வரும் சாதி, மத வெறுப்புப் பதிவுகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. தாங்கள் புகார் செய்த பதிவுகளில் 93 விழுக்காடு நீக்கப்படாமலே கிடந்தன என்று அது கூறிற்று. நம் மொழியின் வசைச்சொல்லை அயல்நாட்டு நிறுவனத்தின் இயந்திரம் எப்படி அறியும்? ஊர்ப்பெயரைக் கொண்டே, நிறத்தைக் கொண்டே, ஓர் உணவின் பெயரைக் கொண்டே இழிவுபடுத்தத் தெரிந்தவர்கள் இங்கே உள்ளார்கள்.

இளைஞர்களே, இங்கே உங்களிடமும் ஒரு சொல். 2019 ஏப்ரலில் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் பரவி, தடையுத்தரவு போடும் அளவுக்குக் கலவரம் மூண்டது. சில மணித்துளிகள் ஓடும் ஒரு குரல்! எவரோ நம்மை இழிவாகப் பேசிய காணொளி வந்தால் நமக்குக் குருதி கொதிக்கிறது, கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே வசையை நாமும் திருப்பிப் பேசி, கையில் கத்தியோடு படம் எடுத்து அனுப்பினால், வழக்கு நம் மீதும் பாயும். காவலர் தேர்வில் வென்ற பின் நடத்தைச் சான்று சரிபார்க்க வரும்போது, நம் காலனித் தம்பியின் வேலை அந்த ஒரு காணொளியால் நின்றுபோனதை நான் கண்டிருக்கிறேன். இழிவுபடுத்தியவனின் பதிவை அழியுமுன் திரைப்படமாக எடுத்துவையுங்கள்; நாள், நேரம், அனுப்பிய எண் மூன்றும் தெரிய வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தபோது இணையம் நம் ஊரில் இல்லை. ஆயினும் இணையத்தில் இடப்படும் சாதி இழிவும் அச்சட்டத்தின்கீழ் வரும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2022இல் கூறியிருக்கிறது. நம் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டுவதற்கு அது பயன்படும்.

பெற்றோர்களுக்கு: காவல் நிலையம் என்றால் பெண்பிள்ளையை எப்படி அழைத்துப்போவது என்று அஞ்சுகிறீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினெட்டு வயது நிறையாத பிள்ளையின் வாக்குமூலத்தை அப்பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும், இயன்றவரை பெண் அலுவலரே பதிய வேண்டும், சீருடையில் வரக்கூடாது. பெயரையோ பள்ளியையோ வெளியிடுவது குற்றம். இதை அறியாத அலுவலரும் இருக்கலாம். நீங்கள் அறிந்திருந்தால் அவர் அறிந்துகொள்வார். பெண்கள், குழந்தைகள் பற்றிய ஆபாசப் பதிவானால் மத்திய உள்துறையின் இணையக்குற்றப் புகார்த் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே, அன்றைக்கே, அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்த முடியும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

படம் பரவிவிட்டால் என்ன செய்வது என்பதே பெரிய அச்சம். இதற்கும் கணிப்பொறி அறிஞர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் மனிதனின் கைரேகை போன்ற ஓர் எண்வரிசையைக் கணக்கிட முடியும். அந்த எண்ணிலிருந்து படத்தை மீண்டும் உருவாக்க முடியாது. ஆனால் அதே படம் எங்கேனும் வந்தால் எண் ஒத்துப்போகும். அமெரிக்காவில் காணாமற்போன குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023இல் ‘டேக் இட் டவுன்’ என்னும் இலவசச் சேவையைத் தொடங்கியது. பதினெட்டு வயதுக்குமுன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படம் ஒன்று பரவும் என்று அஞ்சும் பிள்ளை, படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படம் தன் கைப்பேசியிலேயே இருக்க, அதன் ரேகை எண் மட்டும் செல்கிறது. முகநூல், இன்ஸ்டாகிராம் போன்ற பங்கேற்கும் தளங்கள் அந்த எண்ணோடு ஒத்த படத்தைத் தேடித் தடுக்கின்றன. பதினெட்டு கடந்தவர்களுக்கு ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.’ என்னும் சேவை 2021 முதல் உள்ளது. குறையும் உண்டு. மறையாக்கம் செய்த அந்தரங்கச் செய்திகளுக்குள் இம்முறை புகாது; நம் ஊரில் படம் பரவுவது பெரும்பாலும் அவ்வழியேதான். அரைமருந்துதான். ஆனாலும் பெயர் சொல்லாமல், படத்தைக் காட்டாமல், ஒரு பிள்ளை தானே செய்துகொள்ளக்கூடிய மருந்து.

2023ஆம் ஆண்டில் நம் நாட்டில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. நல்ல நோக்கம். ஆனால் கைப்பேசியில் வரும் ஆங்கிலப் படிவத்தில் எங்கே தொட வேண்டும் என்று தாய்க்குக் காட்டுவதே அந்தப் பிள்ளைதான். இசைவு கொடுக்கும் தாய்க்கு எழுத்தறிவு வேண்டும். அதற்காகத்தானே இந்தக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்துகிறது!

எனவே கழகத்தின் முன் என் வேண்டுகோளை வைத்து அமைகிறேன். ஒவ்வொரு காலனியிலும் இருவரை, ஓர் ஆணும் ஒரு பெண்ணும், நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் ஆசிரியராகவோ பட்டதாரியாகவோ இருக்க வேண்டியதில்லை; பிள்ளை வந்து சொன்னால் கைப்பேசியைப் பறிக்காமல், கத்தாமல், முதலில் உட்கார வைத்துக் கேட்பவராக இருந்தால் போதும். என்ன நடந்தாலும் பிள்ளையின் படிப்பு ஒரு நாளும் நிற்காது என்று அந்தந்த வீட்டுப் பெரியவரிடம் முதலிலேயே வாக்குப் பெற்றுவர வேண்டும். அடுத்த மாதம் முதல் ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குக் கழக நூலகத்தில் நான் இருப்பேன். எங்கள் கணித ஆசிரியரும் வருவார். சட்டப் பிரிவுகளையும் புகார் எழுதும் முறையையும் சொல்லித்தரச் சிதம்பரம் நீதிமன்றத்தில் பணியாற்றும் நம் இளம் வழக்கறிஞர்கள் இருவர் இசைந்திருக்கிறார்கள்.

பண்ருட்டியில் நான் கண்ட அந்தப் பெண்ணின் வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத விண்ணப்பம் வாங்கிக்கொண்டு போனேன். அவள் கணவர் நல்லவர்; மறுக்கவில்லை. ‘குழந்தைய யாரு பாத்துக்குவாங்க சார்?’ என்று மட்டும் கேட்டார். மாமியார் உள்ளிருந்து, ‘நான் பாத்துக்கறேன்’ என்றார். விண்ணப்பத்தில் கைப்பேசி எண் எழுதும் கட்டத்தில் அவள் சிறிது தயங்கினாள். பிறகு தன் எண்ணையே எழுதினாள்.